ஸ்டாக் இல்லை என்று சொன்னேன்

ஜூலை 21, 2025 – திங்கள்

ஆடி மாதம், கல்யாணம் இல்லை. ஸ்டுடியோவில் நானும் மீனலோசனியும் பழைய படங்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தோம். முதலாளி ஏகப்பன் அண்ணன் எங்கள் எடிட்டிங் அறைக்கு வந்து, “ஆவணிக்கு ஏழு கல்யாணம் இருக்கு. மவுசை வச்சுத் தேச்சது போதும், பேனாவால வேலை பாக்குற டேப்லெட் வாங்கிருவோம். எது வேணும்னு ரெண்டு பேரும் பேசிச் சொல்லுங்க” என்றார்.

மீனா மேஜைக்கடியில் என் காலை மிதித்தாள். சந்தோஷம் வந்தால் அப்படித்தான் செய்வாள். நாலு வருஷமாக மணப்பெண்களின் கலைந்த முடியையும் வழிந்த மையையும் இந்த மவுசாலேயே சரிசெய்திருக்கிறோம். என் மணிக்கட்டுக்கு இனி விடுதலை.

ஜூலை 24 – வியாழன்

இரண்டு நாளாக வீடியோக்களாகப் பார்க்கிறேன். இரண்டு வகை இருக்கிறது. ஒன்று வெறும் கறுப்புப் பலகை: கை பலகையில் நகரும், கண் எதிரே கம்ப்யூட்டர் திரையில் இருக்கும். இன்னொன்றில் பலகையே திரை. படத்தின் மேலேயே பேனா வைத்து வேலை செய்யலாம், காகிதத்தில் எழுதுவதுபோல. ஏகப்பன் அண்ணன் ஒதுக்கிய பணத்துக்குத் திரை வைத்தது ஒன்று வரும், வெறும் பலகை என்றால் ஆளுக்கொன்றாக இரண்டு வரும்.

மதியம் சாப்பிடும்போது மீனா சொன்னாள்: “எனக்குப் பலகைதான்டி சத்யா. கழுத்துத் தேய்மானம்னு சொன்னேன்ல? குனிஞ்சு பாக்குற வேலையே கூடாதுன்னுட்டாரு டாக்டர். அண்ணங்கிட்டச் சொல்லிறாத. இவளால முடியாதுன்னு நெனச்சுக்குவாரு.”

சொல்ல மாட்டேன் என்றேன்.

ஜூலை 26 – சனி

அண்ணனுடன் மதுரை போய்வந்தேன். மீனாவுக்கு இன்று சிவகங்கையில் டாக்டர், அதனால் வரவில்லை.

கடைக்காரர் இரண்டையும் எடுத்து வைத்தார். பலகையில் முதலில் வரைந்து பார்த்தேன். கை ஒருபக்கம் போக, கோடு வேறுபக்கம் போனது. “ஒரு வாரத்துல பழகிரும் மேடம்” என்றார். பிறகு திரை வைத்தது. யாரோ ஒரு பெண்ணின் படம். காதோரம் பிரிந்து நின்ற முடியில் பேனாவை வைத்தேன். வைத்த இடத்திலேயே, வைத்த அழுத்தத்துக்கே முடி மறைந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடையிலிருந்து எழுந்திருக்கவே மனசில்லை.

அண்ணன் கேட்டார்: “இது ஒண்ணுதான் வரும். மாத்தி மாத்தி வச்சுக்கிருவீகளா? மீனாவுக்கும் இது சரிதான?”

“சரிதாண்ணே.”

கழுத்தைப் பற்றிச் சொல்லக் கூடாது என்று அவள்தானே கேட்டுக்கொண்டாள். அதனால்தான் சொல்லவில்லை.

ஜூலை 27 – ஞாயிறு

இல்லை. அதனால் இல்லை. கழுத்தைச் சொல்லாமலே, அவளுக்குப் பலகைதான் வேண்டும் என்று சொல்லியிருக்கலாம்.

ஜூலை 30 – புதன்

திரை வைத்த டேப்லெட்டை மேஜையில் பொருத்தியாயிற்று. மீனா உள்ளே வந்தாள், கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே பார்த்துக்கொண்டு நின்றாள். “பெருசா நல்லாருக்குடி” என்றாள். டீக்கு வெளியே போனபோதுதான், “அந்தப் பலகை அங்க இல்லையா?” என்று கேட்டாள்.

“ஸ்டாக் இல்லைன்னுட்டாங்க.”

அவ்வளவு சுலபமாக வந்தது. நான் யோசிக்கக்கூட இல்லை.

“சரி, வந்தா ஒண்ணு வாங்கித் தரச் சொல்லி அண்ணங்கிட்டக் கேட்டுக்கிருவோம். அதுவரைக்கும் ஓட்டிக்கிறேன்” என்றாள் மீனா. என் டீயையும் அவளே வாங்கிவந்தாள்.

ஆகஸ்ட் 28 – வியாழன்

ஒரு முகத்துக்கு இருபது நிமிஷம் எடுத்த இடத்தில் எனக்கு இப்போது ஏழு நிமிஷம். கை பறக்கிறது.

மீனா அரைமணி நேரம் உட்காருகிறாள், எழுந்து சுவரில் சாய்ந்து நிற்கிறாள், மறுபடி உட்காருகிறாள். பழைய ஆல்பங்களை அடுக்கி அதன்மேல் திரையை நிமிர்த்தி வைத்துப் பார்த்தாள். கையைத் தூக்கியே வைத்திருக்க வேண்டியிருந்தது, தோள் வலி வந்ததுதான் மிச்சம். இன்று மதியம் பேசாமல் மவுசுக்கே திரும்பிவிட்டாள்.

செப்டம்பர் 8 – திங்கள்

கீழச்சிவல்பட்டி கல்யாண ஆல்பம் தாமதமாகிவிட்டது. பெண் வீட்டார் இரண்டு முறை போன் செய்துவிட்டார்களாம். அது மீனாவின் ஆல்பம்.

“சத்யா இதுக்குள்ள மூணு முடிச்சிருச்சு. நீ ஒண்ணுலயே நிக்கிற. என்ன மீனா, புதுச் சாமான் பழகப் பிடிக்கலையா?” என்றார் அண்ணன்.

மீனா தலைகுனிந்து நின்றாள். ஒருமுறை என்னைப் பார்த்தாள், நான் ஏதாவது சொல்வேன் என்று. நான் திரையிலிருந்த மணப்பெண்ணின் கன்னத்தைப் பெரிதாக்கி, அதில் இல்லாத ஒரு புள்ளியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

நாளையிலிருந்து அவள் முன்பக்கக் கவுண்டரில். பாஸ்போர்ட் போட்டோ, பிரேம், ரசீது.

செப்டம்பர் 9 – செவ்வாய்

பக்கத்து நாற்காலி காலி. அறை முழுக்க எனக்கே.

செப்டம்பர் 15 – திங்கள்

மீனாவுக்குத் தெரிந்துவிட்டது.

பேனாமுனை தேய்ந்துவிட்டது என்று நான்தான் கவுண்டரில் சொல்லியிருந்தேன். அவள் மதுரைக் கடைக்குப் போன் செய்திருக்கிறாள். முனைக்குச் சொல்லிவிட்டு, பலகை எப்போது வரும் என்றும் கேட்டிருக்கிறாள். அது என்றைக்கும் இருக்கிறதே, ஜூலையில் உங்கள் ஆட்கள் வந்தபோதே இரண்டையும் காட்டினேனே என்றாராம் கடைக்காரர்.

கதவைச் சாத்திவிட்டு வந்து என் எதிரே நின்றாள். கத்தவில்லை.

“நீ இதை எடுத்தது தப்பில்லடி. யாருக்கும் ஆசை இருக்கும். எனக்கு இதான் வேணும்னு சொல்லியிருந்தா, நான் அன்னைக்கே அண்ணங்கிட்ட என் வாயால கேட்ருப்பேன். நீ ஸ்டாக் இல்லன்ன. ஒண்ணரை மாசமா வரும் வரும்னு உக்காந்துருக்கேன் நான்.”

“மீனா…”

“என் கழுத்து உனக்கு மட்டுந்தான் தெரியும்.”

போய்விட்டாள். சாயங்காலம் சீக்கிரமே வீட்டுக்கும் போய்விட்டாள்.

நான் என்ன மனுஷி? திருடியிருந்தால்கூட இப்படி இருந்திருக்காது — திருப்பிக் கொடுத்துத் தொலைக்கலாம். இதை எங்கே போய்க் கொடுப்பேன்?

செப்டம்பர் 17 – புதன்

இரண்டு நாளாக மீனா வரவில்லை. போனை எடுக்கவில்லை.

காலையில் ஏகப்பன் அண்ணன் கணக்குப் பார்த்து முடிக்கும்வரை நின்றிருந்தேன்.

“அண்ணே, மீனாவுக்கும் சரின்னு கடையில நான் சொன்னது பொய். அவ பலகைதான் கேட்டா. எனக்கு இது பிடிச்சுப்போச்சு, அதான் சொல்லல. அவகிட்ட ஸ்டாக் இல்லைன்னு வேற சொல்லிட்டேன்.”

பேனாவை மூடி வைத்தார். “ஏன், இதுல அவளுக்கு என்ன கஷ்டம்?”

“அதை அவகிட்டயே கேளுங்கண்ணே. நான் சொல்லக் கூடாது.”

கணக்கு நோட்டைத் தள்ளி வைத்தார். அப்புறம் சொன்னார்: “உன் வார்த்தையை நம்பித்தான அவளைக் கவுண்டர்ல உக்கார வச்சேன். வேலை தெரிஞ்ச பிள்ளையை. கஸ்டமர் முன்னாடி வேற ரெண்டு தடவை சத்தம் போட்டேன்.” திட்டுவார் என்று காத்திருந்தேன். “போ, வேலையைப் பாரு” என்றார். வண்டியை எடுத்துக்கொண்டு மீனா வீட்டுக்குப் போனார்.

செப்டம்பர் 18 – வியாழன்

திரை முன்னால் உட்கார்ந்தேன். ஒரு முகம்கூட முடிக்கவில்லை.

செப்டம்பர் 24 – புதன்

மீனா வந்துவிட்டாள். புதுப் பலகையும் வந்துவிட்டது. கம்ப்யூட்டர் திரையை அவள் கண் உயரத்துக்கு அண்ணனே தூக்கி மாட்டிக் கொடுத்தார்.

மன்னித்துவிடு என்றேன். “ம்” என்றாள். அந்த ‘ம்’முக்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை.

நவம்பர் 12 – புதன்

மீனா இப்போது என்னைவிட வேகம். கண் நேராக, கை கீழே தன்பாட்டுக்கு. பேசுகிறோம் — எந்தக் கோப்பு எங்கே, எந்த ஆல்பம் எப்போது என்று. மதியம், கவுண்டருக்குப் புதிதாக வந்த பெண்ணோடு சேர்ந்து சாப்பிடுகிறாள்.

இன்று நெற்குப்பைக் கல்யாணப் படம் ஒன்றில் கொஞ்ச நேரம் தயங்கினாள். பிறகு அவளாகவே என் பக்கம் திரும்பி, “இதுல மூக்குத்தி மினுக்கம் கூடிப்போச்சா, பாரு” என்றாள். நாற்காலியை நகர்த்திப் போய்ப் பார்த்தேன். கூடித்தான் போயிருந்தது. சொன்னேன். குறைத்தாள்.

அப்புறம் எழுந்துபோய், ஏகப்பன் அண்ணனைக் கூட்டிவந்து அவரிடமும் ஒருமுறை காட்டிக் கேட்டுக்கொண்டுதான் அனுப்பினாள்.