பொட்டின் மேல் அடித்த ஸ்பிரே

வேங்கிக்கால்,
ஐப்பசி 12, புதன்கிழமை.

அன்பு மகள் ஓவியாவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் அந்த ஹாம்பர்க் குளிரில் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, சளி இருமல் இல்லாமல் இருக்க அண்ணாமலையார் துணை இருக்கட்டும். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் உன் அம்மா போனை வாங்கிக்கொண்டு கத்தரிக்காய் குழம்பைப் பற்றி ஆரம்பித்துவிடுகிறாள், அதுவும் இந்த விஷயத்தில் அவளுக்கும் பங்கு இருப்பதால் அவள் சொல்லும் கதை வேறு மாதிரி இருக்கும். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், புதுக் கார் நன்றாக இருக்கிறது, பயப்படாதே. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது நான் குளிக்கிறேன் என்று அம்மா சொன்னது பொய். நான் காருக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, யாரோடும் பேசப் பிடிக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

புது வண்டிப் பெயின்டைக் காப்பது எப்படி என்று நீ அனுப்பிய குறிப்பைப் பிரிண்ட் எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் கடைக்குப் போனேன். வண்டி எடுத்த அன்றே ஷோரூமில் டை கட்டிய ஒரு ஆள், இந்தக் கோட்டிங்கைப் போட்டுக்கங்க சார், அஞ்சு வருஷத்துக்குக் கவலையே இல்லை என்று காகிதத்தை நீட்டினான். கவலை இல்லை என்று என்னிடம் சொன்னவர்கள் எல்லோரும் கவலையை என்னிடம் விட்டுவிட்டுத்தான் போயிருக்கிறார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பெயின்டின் மேல் படலமாக நிற்கும் ஸ்பிரே சீலன்ட் போதும், நாமே அடித்துக்கொள்ளலாம் என்று நீ சொன்னதுதான் எனக்குச் சரியாகப் பட்டது. போளூர் ரோட்டில் மூன்று கடை ஏறி இறங்கினேன். முதல் கடைக்காரன் ஒரு மெழுகுப் பாலிஷைக் காட்டி, எல்லாம் ஒண்ணுதான் சார் என்றான். எல்லாம் ஒன்று என்றால் அலமாரியில் எதற்கு ஏழு டப்பா என்று கேட்டுவிட்டுப் படி இறங்கினேன். இரண்டாவது கடையில் சடையன் என்று ஒருவர், இத அடிச்சீங்கன்னா ஈ உக்காந்தாகூட வழுக்கி விழும் சார் என்றார். பெயின்டுக்குச் சரி, பம்பரின் அடியிலும் சக்கரத்துக்கு மேலும் கருப்பு பிளாஸ்டிக் வருகிறதே, அதில் பட்டால் வெள்ளை பூக்காதா என்று கேட்டேன். பட்டா தொடச்சிடுங்க என்றார். சொரசொரப்பான பிளாஸ்டிக்கின் குழியில் இறங்கியதை எந்தத் துணியால் துடைப்பது? எங்கள் ஆபீஸ் காசியின் வண்டியை நீ பார்த்ததில்லை, கண்ட பாலிஷையும் போட்டுப் போட்டுச் சக்கர வளைவெல்லாம் சாம்பல் பூசணிக்காய் மாதிரி ஆகிவிட்டது. எனக்கு ஜூனியராக இருந்து எனக்கு முன்னால் பதவி உயர்வு வாங்கியவன், ஒரு வண்டியை ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. மூன்றாவது கடையில்தான் பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படித்து, பெயின்ட், கண்ணாடி, கருப்பு பிளாஸ்டிக் மூன்றிலும் அடிக்கலாம், வெள்ளை படியாது, வெயிலுக்கு வெளுக்காது என்று எழுதியிருந்ததை வாங்கினேன். வீட்டுக்கு வந்தால் உன் அம்மா, கருப்பா இருக்கணும், அவ்ளோதானே, நல்லெண்ணெய் தடவினா ஆகாதா என்கிறாள்.

வெள்ளிக்கிழமை காலையில் பெரிய கோயிலுக்கு முன்னால் பூஜை போட்டோம். சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம், தேங்காய், கற்பூரம், எல்லாம் முறைப்படி நடந்தது. பூஜை போட்டவர் பானெட்டில் மூன்று விரலால் விபூதிப் பட்டை இழுத்து, நடுவில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். அதோடு விட்டிருக்கலாம். உன் அம்மா குங்குமத்தைத் தண்ணீரில் குழைத்து நான்கு கதவு, பின்பக்கம், பம்பர் என்று ஒரு இடம் விடாமல் வைத்தாள், அவள் கை தாராளம் உனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்ததும், பூஜை போட்ட வண்டிய மூணு நாளைக்குக் கழுவக் கூடாது, பொட்டை அழிக்கவே கூடாது என்று உத்தரவு. டப்பாவில் கழுவிக் காயவைத்த பிறகு அடிக்கவும் என்று போட்டிருக்கிறது. எனக்கு ஞாயிற்றுக்கிழமையை விட்டால் லீவு இல்லை, ஊரில் தூசு பறக்கிறது, வெயிலும் ஜாஸ்தி. எம்.ஏ. படித்த மூளை ஒரு வழி கண்டுபிடித்தது. பொட்டின் மேலேயே ஸ்பிரேயை அடித்துவிட்டால் பெயின்டுக்கும் பாதுகாப்பு, பொட்டும் அழியாமல் நிற்கும், உன் பேச்சையும் கேட்ட மாதிரி, உன் அம்மா பேச்சையும் கேட்ட மாதிரி. அவளிடம் சொன்னேன், நல்ல யோசனைதான் என்றாள். இதை அவள் இப்போது ஒத்துக்கொள்ள மாட்டாள். நிழலில் நிறுத்தி, பானெட்டைத் தொட்டுப் பார்த்து, சூடில்லை என்று தெரிந்துகொண்டுதான் அடித்தேன். அடித்துவிட்டு, குறிப்பில் சொன்னபடி துணியால் ஒரு இழுப்பு. அவ்வளவுதான், குங்குமம் கரைந்து அந்த வெள்ளை பானெட்டில் ஒரு முழத்துக்கு ரோஸ் நிறமாக இழுத்துக்கொண்டு போனது. பதறி இன்னும் தேய்த்தேன், இன்னும் பரவியது. பம்பரின் கருப்பில் இருந்த பொட்டு குழிக்குள் இறங்கிச் சிவப்புப் புள்ளி புள்ளியாக நின்றது. ஐம்பத்து நான்கு வயதில் முதல் கார், ஆறாவது நாளில் நானே கெடுத்தேன் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அதன் பிறகுதான் உன் போன் வந்தது.

சோப்புத் தண்ணீர் போட்டுப் பார்த்தேன், அசையவில்லை. பக்கத்து வீட்டில் தின்னர் போட்டால் போய்விடும் என்றார்கள், நல்ல வேளையாக எனக்கு அந்தத் துணிச்சல் வரவில்லை. திங்கட்கிழமை பஸ்ஸில் போனால் புது வண்டி எங்கே என்று காசி கேட்பான் என்று காரிலேயே ஆபீஸ் போனேன், அவன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, இன்னா சார், புது வண்டிக்கு இப்பவே மருதாணி வெச்சிட்டீங்களா என்று எல்லோர் முன்னாலும் கேட்டான். அதை எழுதி வைத்துக்கொண்டேன், மறக்க மாட்டேன். இந்த ஊரில் கார் பெயின்டைப் பற்றி விவரம் தெரிந்த ஒரே ஆள் யார் என்று நான்கு பேரிடம் கேட்டால் நான்கு பேரும் ஒரே பெயரைச் சொன்னார்கள், விமல்ராஜ். உன் சித்தப்பா முருகவேலின் மகன், பைபாஸ் பக்கம் வாட்டர் வாஷும் பாலிஷும் போடும் கடை வைத்திருக்கிறான். அந்த வாசலை நான் ஏன் மிதிப்பதில்லை என்று உனக்குத் தெரியும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் உன்னைக் கவுன்சிலிங்குக்குச் சென்னைக்குக் கூட்டிப்போக என் கூடப்பிறந்த தம்பியிடம் ஒரே ஒரு நாள் கார் கேட்டேன். ஒர்க்‌ஷாப்பில் விட்டிருக்கிறேன் என்றான். நாம் பஸ்ஸில் போய், திண்டிவனத்தில் பஸ் நின்றுபோய், உன் முறை தவறி, நீ ஆசைப்பட்ட கல்லூரி கிடைக்காமல் போனது. கார் வீட்டில்தான் நிற்கிறது என்று அன்றைக்கே ஒருத்தர் என்னிடம் சொன்னார். அதற்குப் பிறகு அவனோடு நான் பேசியதில்லை. கோபம் நியாயமா என்று உன் அம்மா வருஷத்துக்கு ஒரு முறை கேட்பாள், எனக்கே சில சமயம், பார்த்தவர் வேறு காரைப் பார்த்திருந்தால் என்ன செய்வது என்று தோன்றும். திங்கட்கிழமை ராத்திரி சாப்பிடும்போது அவள் சொன்னாள், பானெட்டை வெச்சிக்கிறதா, கோவத்த வெச்சிக்கிறதா, நீங்களே முடிவு பண்ணிக்கங்க. நேற்று லீவு போட்டுவிட்டுப் போனேன்.

விமல்ராஜ் என்னைப் பார்த்ததும் கையில் இருந்த ஹோஸை அப்படியே கீழே போட்டுவிட்டு, வாங்க பெரியப்பா என்றான். பழைய பேச்சு எதுவும் எடுக்கவில்லை. பானெட்டைப் பார்த்ததும் சிரிப்பை அடக்க முடியாமல், பொட்டுக்கே சீலன்ட் போட்டது நீங்க ஒருத்தர்தான் பெரியப்பா, நானே இதுவரைக்கும் பாக்கல என்றான். அடுத்து அவன் சொன்னதைக் கேட்டு எனக்கு மூச்சு வந்தது. கறை பெயின்டுக்குள்ள போகல, நீங்க போட்ட படலத்துலதான் மாட்டிக்கிட்டிருக்கு, அத எடுத்துட்டா இதுவும் வந்துடும், சந்தனத்து மஞ்சள் ரெண்டு நாள் வெயில்ல நின்னா தானா போயிடும் என்றான். ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்து துணியில் நனைத்து மெதுவாக ஒற்றி எடுத்தான். ஒவ்வொரு ஒற்றலுக்கும் துணி சிவக்கச் சிவக்க பானெட் வெளுத்துக்கொண்டே வந்தது, நான் பக்கத்தில் நின்று ஒவ்வொரு விரற்கடையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மிச்சம் இருந்த லேசான நிழலுக்குக் கையாலேயே கொஞ்சம் பாலிஷ், பம்பரின் கருப்புக்குப் பல் தேய்க்கும் பிரஷ் மாதிரி ஒன்றும் சோப்புத் தண்ணீரும். பிறகு கழுவி, காயவைத்து, நான் வாங்கிய அதே ஸ்பிரேயைத் திரும்ப அடித்தான். டப்பாவைத் திருப்பிப் பார்த்து, நல்லதத்தான் வாங்கியிருக்கீங்க, அடிச்ச விதம்தான் தப்பு என்றான். அதைக் கேட்க எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அதற்குள் உன் சித்தப்பா டீ வாங்கிக்கொண்டு வந்தான். தலை நன்றாக நரைத்துவிட்டது, என்னைவிட ஐந்து வயது சின்னவன். இரண்டு பேரும் பானெட்டைப் பார்த்தபடியே டீ குடித்தோம். திடீரென்று அவனாகவே சொன்னான், அண்ணா, அன்னிக்கு வண்டி ஒர்க்‌ஷாப்புல இல்ல. ஷெட்டுலதான் நின்னுச்சு. புதுசா எடுத்து ஒரு மாசம் ஆவல, அவ்ளோ தூரம் போய் எங்கனா இடிச்சிக்கிட்டு வந்துட்டா இன்னா பண்றதுன்னு பொய் சொல்லிட்டேன். பாப்பாவுக்கு சீட் போயிடும்னு நெனைக்கல. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், ஆனால் உண்மையைச் சொன்னால் மார்பில் இருந்த ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்தது. பதினோரு வருஷமும் நடக்காத ஒன்றுக்காக நான் கோபப்படவில்லை, நடந்ததற்காகத்தான் கோபப்பட்டிருக்கிறேன். புது வண்டிக்கு ஒரு கீறல் விழுந்துவிடுமோ என்ற பயம் மனுஷனை என்னவெல்லாம் செய்ய வைக்கும் என்பதும் ஒரு வாரமாக எனக்குத் தெரியும். அதை அவனிடம் சொல்லவில்லை.

நான்கு மணிக்கு மலைக்கு மேல் வானம் கருத்து வந்தது. அடித்த சீலன்ட் மேல் ஒரு நாள் தண்ணீர் படக் கூடாது, விமல்ராஜ் கடையோ தகரக் கூரை மட்டும்தான், நாலா பக்கமும் சாரல் அடிக்கும். பின்னால் உன் சித்தப்பா வீட்டுக் கார் ஷெட் இருக்கிறது, ஒரு கார்தான் நிற்கும். அவன் யாரையும் கேட்கவில்லை. ஓடிப்போய்த் தன் காரை வெளியே எடுத்து ரோட்டோரம் நிறுத்தினான், அன்றைக்குக் காலையில்தான் விமல்ராஜ் அதைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தான். திரும்பி வந்து, சாவி குடு அண்ணா என்று கையை நீட்டினான். கொடுத்தேன். என் வண்டியை அங்குலம் அங்குலமாக ஷெட்டுக்குள் விட்டு ஷட்டரை இறக்குவதற்கும் மழை பிடிப்பதற்கும் சரியாக இருந்தது. செங்கல் கலரில் மண் கரைந்து ஓடிய ரோட்டில் ஒவ்வொரு லாரி போகும்போதும் அவன் கார்மேல் சேறு தெறித்தது. அவன் நனைந்த தலையோடு என் பக்கத்தில் நின்றுகொண்டு, அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்தச் சேற்றுக் காரிலேயே என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டான், உன் அம்மா வாசலிலேயே பிடித்து உட்கார வைத்துத் தோசை போட்டாள், நான்கு சாப்பிட்டான். சாயங்காலம் போய் வண்டியை எடுத்து வரப்போகிறேன், காலையில் ஷட்டரைத் தூக்கிப் பார்த்துவிட்டு வந்தேன், ஒரு துளிச் சிவப்பு இல்லை. அவனை மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன், உனக்குப் போன சீட்டு போனதுதான். ஆனால் நேற்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

நீ வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனதோடும் நன்றாக இரு அம்மா. ஒரு விஷயம் மறக்காதே. கவரின் பின்பக்கம் உன் சித்தப்பாவின் நம்பரை எழுதியிருக்கிறேன். முடிந்தால் ஒரு போன் போட்டு, நன்றாக இருக்கிறீர்களா என்று கேள். நான் சொன்னதாக மட்டும் சொல்லாதே.

உன் அப்பா,
புகழேந்தி