குழல் தாழ்ந்த டாங்கி

ஜூலை 8, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். அம்பத்தூர் எஸ்டேட் ஆபீஸில் ஏ.சி. மறுபடி மக்கர். சட்டை நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்தது.

ஞாயிறு அண்ணா நகர் கடைக்காரரிடம் விளையாட்டைக் காட்ட வேண்டும். பலகை விளையாட்டுகளை அச்சடித்து விற்பவர். பிடித்தால் போடுவார். இல்லையென்றால் என் ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் தின்ற இந்தப் பாலைவனப் போர் பரணுக்குப் போகும். வரைபடம் தயார். விதிகள் தயார். காய்கள் தயார், ஒன்றைத் தவிர. கைப்பற்றிய டாங்கிகள்.

இரண்டாம் உலகப் போர், வட ஆப்பிரிக்கா. ஆஸ்திரேலியர்கள் இத்தாலிக்காரர்களின் டாங்கிகளைப் பிடித்து, அதிலேயே ஏறிச் சண்டைக்குப் போனார்கள். என் பலகையில் இத்தாலிக்குப் பச்சைக் காய், ஆஸ்திரேலியாவுக்கு மணல் நிறம். பிடித்த டாங்கிக்கு என்ன நிறம்? மணல் நிறம் அடித்தால் சொந்த டாங்கி மாதிரி ஆகிவிடும். பச்சையாக விட்டால் எதிரி. இதே தலைவலிதான் ஒரு மாதமாக.

சாயந்திரம் வீட்டுக்கு வந்தால் விஜயா வரைந்து வைத்திருக்கிறாள். எல்லாக் காய்களுக்கும் படம் அவளுடையதுதான். சம்பளம் இல்லாத ஓவியர், கட்டிய மனைவி. பார்த்ததும் எனக்குச் சூடு ஏறிவிட்டது. பிடிபட்ட டாங்கி அத்தனைக்கும் பீரங்கிக் குழல் கீழே தொங்குகிறது.

"இன்னாது இது, ரிப்பேரா?"

"புடிச்ச டேங்க்குங்க. கொழா கீழதான் இருக்கும்."

ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். மாமனார் டாங்கி தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் மேடை கட்டி, போரில் பிடித்த எதிரி டாங்கி ஒன்றை வைத்திருக்கிறார்கள். தோற்றதற்கு அடையாளமாகக் குழலை இறக்கி வைப்பது வழக்கமாம். அதைத் தாண்டியே பள்ளிக்கூடம் போனவளுக்கு, பிடிபட்ட டாங்கி என்றால் உலகம் பூரா குனிந்துதான் நிற்கும்.

"அது சும்மா பார்வைக்கு வெச்சது. இது சண்டைக்குப் போவுது. குனிஞ்சிகினு எப்டி சுடும்?"

"பாக்கறவங்களுக்குப் புரியணும்ல."

ஆவடிக்காரர்களுக்கு மட்டும்தான் புரியும் என்றேன். தோசை கருகுகிற வாசனை வந்தது, போய்விட்டாள்.

ஜூலை 9, புதன்

மழை வருகிற மாதிரி காட்டிவிட்டு ஏமாற்றியது. மோட்டார் ஓடவில்லை, குடத்தில் பிடித்தோம்.

ஒரு வழி கிடைத்தது. ஆஸ்திரேலியர்கள் பிடித்த டாங்கிகள் மேல் பெரிதாக வெள்ளைக் கங்காரு வரைந்தார்களாம், தங்கள் ஆட்களே சுட்டுவிடக் கூடாதென்று. சரித்திரத்துக்குச் சரித்திரம், அடையாளத்துக்கு அடையாளம். வி.யைக் கெஞ்சி கங்காரு போட வைத்தேன்.

ராத்திரி சாப்பாட்டுக்கு முன் டில்லிபாபு வந்தான். தெருமுனையில் டயர் கடை. விளையாட்டில் எப்போதும் இத்தாலி அவன்தான். காயைக் கையில் எடுத்து விளக்கடியில் பிடித்தான்.

"இன்னா மாமே, டேங்க் மேல எலி குந்திகினு கீது?"

கட்டைவிரல் நகம் அளவு காய். அதில் டாங்கி, அதன் மேல் கங்காரு. எலிதான். மறுக்க முடியவில்லை. வி. உள்ளே போய்ச் சிரித்தாள், எனக்குக் கேட்கட்டும் என்றே.

கங்காரு ரத்து.

ஜூலை 10, வியாழன்

லீவு போட்டு விதிப் புத்தகத்தைத் திருத்தினேன். வெந்நீர் போல வெயில்.

வி.யை உட்காரவைத்து, கைப்பற்றிய டாங்கிகள் பகுதியைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். உதிரி பாகம் கிடைக்காது, ஆகவே ஒவ்வொரு சுற்றும் பகடை போட வேண்டும், ஒன்று விழுந்தால் வண்டி நின்றுவிடும். குண்டும் அவர்கள் கிடங்கில் பிடித்ததுதான், தீர்ந்தால் தீர்ந்தது. எதிரி சுடுவான். போதாததற்கு, சொந்தப் பீரங்கி பக்கத்தில் போனாலும் பகடை, ஒன்று விழுந்தால் நம் பீரங்கியே எதிரி என்று நினைத்துச் சுட்டுவிடும். இந்த விதியில் எனக்கு ரொம்பப் பெருமை. வேறு எவனும் யோசித்திருக்க மாட்டான்.

வி. கொத்தமல்லி ஆய்ந்துகொண்டே கேட்டாள். பிறகு:

"நல்லா புரியுது. கல்யாணம் ஆகி வந்தப்ப நான் அப்டித்தான் இருந்தேன்."

"இன்னாது?"

"இங்க ஏதாச்சும் சண்டைன்னா நான் ஆவடிக்காரி. அங்க எங்க அப்பா ஊட்டுக்குப் போனா உங்க ஆளு. ரெண்டு பக்கமும் வாங்கிக்கட்டிக்கணும்."

விதி தெளிவாக இருக்கிறதா இல்லையா, அதைச் சொல் என்றேன். தெளிவாக இருக்கிறது என்றாள்.

வாங்க வேண்டியவை: பசை, கத்தி பிளேடு, பால், அம்மாவுக்கு மூட்டு வலித் தைலம்.

ஜூலை 12, சனி

முடிவெடுத்துவிட்டேன். பச்சைக் காய் பச்சையாகவே. இத்தாலிப் படம் அப்படியே, குழல் நிமிர்ந்து. மூலையில் ஒரு வெள்ளைப் புள்ளி. புள்ளி இருந்தால் பிடிபட்டது. எளிமை, சுத்தம்.

வி. பார்த்தாள். "இதுல நீங்களே உங்க டேங்க்க சுட்ருவீங்க."

"எவனாச்சும் தன்னோட டேங்க்க தானே சுடுவானா? அவ்ளோ முட்டாளா?"

"அப்ப இனிமே நீங்களே வரைஞ்சிக்கோங்க." பென்சில் டப்பாவை மூடி அலமாரிக்கு மேலே வைத்துவிட்டாள். என் கைக்கு எட்டும் உயரம்தான், ஆனாலும் எரிச்சல். புள்ளி வைக்க ஓவியர் தேவையில்லை. நானே வைத்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

எழுதவே பிடிக்கவில்லை.

வி.யும் வந்தாள். பஸ்ஸில் நின்றபடி பலகையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டே போனேன். கடைக்காரர் நிதானமான மனிதர், காபி கொடுத்தார். அவர் இத்தாலி, நான் ஆஸ்திரேலியா. நன்றாகவே போயிற்று. அவருடைய டாங்கிகள் சிலவற்றைப் பிடித்தேன். பிடிபட்ட டாங்கி தன் பழைய கூட்டத்தையே சுடுவதைப் பார்த்து, "சூப்பரா கீது சார் இது" என்று ரசித்தார்.

பிறகு அந்தச் சுற்று. கணவாய்க்குப் பக்கத்தில் பச்சைக் காய் ஒன்று, என் பீரங்கிக்கு நேர் எதிரே. சுடுகிறேன் என்று அறிவித்தேன். அறிவித்தால் திரும்ப வாங்க முடியாது, அதுவும் என் விதிதான். பகடை உருட்டினேன், ஆறு விழுந்தால்தான் காய் அழியும். காலையில் இருந்து ஆறு விழவேயில்லை. இதற்கு விழுந்தது.

காயை எடுத்து ஓரமாக வைத்தேன். கடைக்காரர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், அது உங்களுதுதானே?"

வெள்ளைப் புள்ளி. என் கையால் வைத்த புள்ளி.

கணவாய் போயிற்று, கொஞ்ச நேரத்தில் ஆட்டமும். கடைக்காரர் நல்ல விதமாகத்தான் சொன்னார். விளையாட்டு பிடித்திருக்கிறது. ஆனால் செய்தவருக்கே தெரியவில்லை என்றால் வாங்குகிறவனுக்கு எப்படித் தெரியும்? அந்தக் காயை மட்டும் மாற்றி அடுத்த ஞாயிறு கொண்டுவந்தால் போடுகிறேன் என்றார்.

நான் அப்போதே சொன்னேனே என்று வி. ஒரு தடவை சொல்லித் தொலைத்திருக்கலாம். நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கமாகவே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஜூலை 14, திங்கள்

காலையில் வி. ஆவடிக்குப் போய்விட்டாள். "அப்பாவப் பாத்து நாளாச்சு." பை சின்னதுதான். எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பென்சில் டப்பா அலமாரி மேல் இல்லை.

மத்தியானம் ஆபீஸில் நானே வரைந்து பார்த்தேன். வந்தது சுருட்டு வைத்த ஆமை. கசக்கிப் போட்டேன்.

அஞ்சரைக்குக் கிளம்பி ஆவடி பஸ். சரியான தூறல், கண்ணாடி முழுக்கப் புகை மாதிரி. குவார்ட்டர்ஸ் வாசல் வளைவில் பஸ் வேகம் குறையாமல் திரும்பியது. மேடைமேல் அந்த டாங்கி, குழல் தாழ்ந்து. இந்த வழியாக எத்தனை தடவை வந்திருப்பேன், இது யாருடைய டாங்கி என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. யோசிக்க வேண்டி வந்ததே இல்லை. மழையில், ஓடும் பஸ்ஸில், அரை நொடியில் தெரிகிறது, பிடிபட்டது என்று. வெட்கமாக இருந்தது, கோபமும் இருந்தது, யார்மேல் என்று தெரியவில்லை.

மாமனார் டி.வி. முன்னால். "வாங்க மாப்ள" என்றார், பின்னால் திரும்பி, "உங்க ஆளு வந்துட்டாரு" என்று குரல் கொடுத்தார்.

வி. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"காய் எடுத்தாந்தீங்களா?"

சட்டைப் பையில் இருந்தது. கொடுத்தேன். டப்பாவைத் திறந்து பென்சிலைச் சீவினாள். உட்கார் என்று சொல்லவில்லை, நின்றேன்.

"கொழா எவ்ளோ எறக்கணும்?"

"உன் இஷ்டம்."

"என் இஷ்டம்லாம் வேணாம். நீங்க சொல்லுங்க."

மாமனார் டி.வி. சத்தத்தைக் குறைத்தார்.

"முழுசா" என்றேன்.