பிலாத்து வேஷம் கட்டிய எட்வின் அண்ணனுக்கு

எங்கள் ஊரில் களியை மென்று தின்ற ஒரே மனிதரான, என் பிரியத்துக்குரிய எட்வின் அண்ணனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்குள் நுழைகிறேன், போன் அடிக்கிறது. என் பேத்தி ஜெனி. அவள் இப்போது உங்கள் நாட்டில்தான் இருக்கிறாள், பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். கடத்தூர்ப் பக்கத்துக் கேழ்வரகுக் காட்டிலிருந்து போன பிள்ளை வெள்ளைக்காரர்களுக்கு ஊசி போடுகிறாள் என்று நான் சொல்லாத ஆள் இந்த ஊரில் யாரும் பாக்கியில்லை. உங்களிடம் மட்டும் சொல்லாமல் விடுவேனா?

“ஆயா, உங்க தொரை அண்ணன் பேப்பர்ல வந்திருக்காரு, போட்டோவோட” என்றாள். அப்புறம்தான், “தவறிட்டாரு ஆயா” என்றாள்.

தொண்ணூறு தாண்டிய சாவு. அதற்கு ரொம்ப அழக்கூடாது என்பார்கள். கொஞ்சம் அழுதேன். அப்புறம் உங்களைப் பிலாத்து வேஷத்தில் நினைத்துக்கொண்டேன், சிரிப்பு வந்துவிட்டது. தமிழ் உங்களுக்குப் படிக்க வராது என்று எனக்குத் தெரியும். ஆனால் அங்கே போய்விட்டால் எல்லா மொழியும் விளங்கும் என்று இப்போதைய சாமியார் பிரசங்கத்தில் சொல்கிறார். அதை நம்பித்தான் எழுதுகிறேன். நம் கோவில் மலரிலும் போடப் போகிறார்கள், ஊரும் படிக்கட்டும்.

பேப்பரில் இருந்ததையெல்லாம் ஜெனி தமிழில் சொன்னாள். கடலோர ஊரில் ரொட்டிக் கடைக்காரர் மகனாமே நீங்கள்? நாடகக் கொட்டகையில் திரை இழுக்கிற வேலையில் சேர்ந்து, பிறகு காவல்காரனாகி, திருடனாகி, ராஜாவாகவே ஆகிவிட்டீர்களாம். சினிமாவில் மட்டும் உங்களைப் பாதிப் படத்துக்கு மேல் உயிரோடு விடமாட்டார்களாம். அது எனக்கே தெரியும், அதற்குப் பிறகு வருகிறேன்.

நடுவில் சில காலம் மேடைப் பக்கமே போகாமல் இருந்துவிட்டுத் திரும்பினார் என்று ஒரே ஒரு வரி போட்டிருக்கிறார்களாம். ஏன் போகவில்லை, எப்படித் திரும்பினீர்கள், ஒன்றும் கிடையாதாம். அண்ணா, அந்த ஒரு வரிதானே நாங்கள்! அதை நான் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவது?

அறுபதுகளில் ஒரு மாசி மாதம் அது. ஒகேனக்கல்லில் இங்கிலீஷ் படம் எடுக்க வந்த கூட்டத்தோடு வந்தீர்கள். தண்ணீரில் விழுந்து சாகிற வேஷம். செத்து முடித்துக் கரையேறியதும் மஞ்சள்காமாலை வந்துவிட்டது. தருமபுரியில் சிஸ்டர்கள் ஆஸ்பத்திரியில் உங்களைப் படுக்க வைத்துவிட்டுப் படக்காரர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். பத்தியச் சாப்பாடும் அமைதியும் வேண்டும் என்று அப்போதைய எங்கள் பங்குச் சாமியார்தான் உங்களை இங்கே கூட்டிவந்தார். என் அப்பா கோவில் உபதேசியார். எங்கள் வீடு சாமியார் வீட்டுக்குப் பக்கத்து வீடு. ஆகவே உங்கள் பத்தியம் என் அம்மா பொறுப்பாயிற்று.

காலையில் கீழாநெல்லி அரைத்து மோரில் கலந்து கொடுப்பாள். முகத்தைச் சுளித்தால், “குடிங்க ராசா, கண்ணுல இன்னும் மஞ்சளு போவல” என்பாள். உடம்பு தேறியதும் களி கிண்டி வைத்தாள். நீங்கள் மெல்லு மெல்லு என்று மென்றுகொண்டே இருந்தீர்கள். “அட, முழுங்குங்க! மென்னா விடிஞ்சாலும் தீராது!” என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

தவக்காலம் என்பதால் அப்போது பாஸ்கா நாடகத்துக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. கர்த்தர் பாடுபட்ட கதை. காட்டு வேலை முடிந்து வந்து கோவில் மைதானத்தில் கூடுவார்கள். நடிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் திரைக்குப் பின்னால் ஒருவர் நின்று ஒவ்வொரு வரியாக உரக்கச் சொல்ல வேண்டும், அதைக் கேட்டு வேஷக்காரர் பேச வேண்டும். எங்கள் ஊர் வழக்கம் அது. எடுத்துக் கொடுக்கிறது என்போம். அஞ்சாம் கிளாஸ் முடித்தவள், தொண்டையும் பெரிசு என்று அந்த வேலையை எனக்குக் கொடுத்திருந்தார்கள்.

நீங்கள் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்தீர்கள். சாமியாரைக் கூப்பிட்டு ஏதோ கேட்டீர்கள். அவர் சிரித்துக்கொண்டே எங்களுக்குச் சொன்னார்: “இந்தப் பொண்ணு இவ்ளோ சத்தமா சொன்னா பார்க்கிற ஜனங்களுக்கும் கேக்குமேங்கறாரு.”

“கேக்கட்டுமே சாமி, கேக்கத்தான வராங்க?” என்றாள் அம்மா.

உங்களுக்கு அது பிடிபடவில்லை. உங்கள் நாட்டில் அப்படி ஒரு ஆள் இருந்தாலும் மூச்சு விடாமல் ஒளிந்திருக்க வேண்டுமாம். அவர் வாயைத் திறந்தாலே நடிகருக்கு அவமானமாம்.

அந்த நேரம் பார்த்துத்தான் பிலாத்து வேஷம் கட்டுகிற சின்னப்பன் மாமாவுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. கன்னம் இரண்டும் பூசணிக்காய். கழுத்தில் அத்தையின் தங்கச் சங்கிலியைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் முடங்கிவிட்டார். பெரியவர்கள் உங்களிடம் வந்தார்கள். வெள்ளைக்காரர், உயரமானவர், நடிகர், ரோமாபுரி அதிகாரிக்கு இதைவிட என்ன வேண்டும்?

நீங்கள் மாட்டேன் என்று எழுந்து போய்விட்டீர்கள். அன்று சாயங்காலம்தான் சாமியார் விவரம் சொன்னார். உங்கள் ஊரில், கொட்டகை நிறைந்த ஜனத்துக்கு முன்னால், ஒரு நாள் உங்களுக்கு வசனம் மறந்துபோயிற்று. ஒரு வார்த்தை கூட வரவில்லை. யாரோ இருமினார்கள். திரையை இறக்கிவிட்டார்கள். அதோடு மேடையை விட்டீர்கள். சினிமாவில் மறந்தால் மறுபடி எடுப்பார்கள், மேடையில் எங்கே போவது? இனி ஜனத்துக்கு முன்னால் நிற்கவே மாட்டேன் என்றிருந்தீர்கள்.

எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். அம்மாவுக்கு மட்டும் கோபம். “மறந்தா என்னாங்க சாமி? அதுக்குத்தான எம்பொண்ணு லூர்து நிக்கிறா? எடுத்துக் குடுக்க ஒரு நாதி இல்லியா அந்த ஊருல? அத்தினி பேரு உக்காந்துகிட்டு இருமுறாங்களாமா? இங்க நிக்கச் சொல்லுங்க, நாங்க பாத்துக்கறோம்.”

சாமியார் இதை இங்கிலீஷில் சொன்னபோது நீங்கள் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். மறுநாள் காலை மோரைக் குடித்துவிட்டு என் முன்னால் வந்து உட்கார்ந்து, பென்சிலை எடுத்தீர்கள். பிலாத்து வசனத்தை நான் தமிழில் சொல்ல, நீங்கள் உங்கள் எழுத்தில் எழுதிக்கொண்டீர்கள். அன்றைக்குத்தான் முதல்முறையாக என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டீர்கள்.

ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறு சாயங்காலம். சுற்றுப்பட்டு ஊரெல்லாம் வந்திருந்தது. பீடத்துப் பழைய சிவப்புத் திரைதான் உங்கள் தோளில் மேலாடை. கர்த்தர் வேஷத்தில் ஆரோக்கியம், வண்டி ஓட்டுகிறவர். வேஷத்துக்காக, தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதனிலிருந்து ஒருவேளைச் சோறுதான். முதல் நாலு வரி நன்றாகத்தான் சொன்னீர்கள். இந்தச் சாவில் எனக்குப் பங்கில்லை என்று பிலாத்து கை கழுவுகிற இடம் வந்தது. நின்றுவிட்டீர்கள்.

நான் சொன்னேன். உங்களுக்குக் காது அடைத்துவிட்டது போல. மறுபடி சொன்னேன். உங்கள் கழுத்தில் வியர்வை ஓடுவது பின்னாலிருந்து எனக்குத் தெரிகிறது. யாராவது இருமிவிடக் கூடாதே மாதாவே என்று வேண்டிக்கொண்டேன்.

யாரும் இருமவில்லை. முன்வரிசையிலிருந்து அம்மா கத்தினாள்: “தண்ணி கொண்டான்னு சொல்லுங்க ராசா!”

உடனே பக்கத்தில் இருந்தவர்கள், பின்னால் இருந்தவர்கள், வண்டி மேல் ஏறி நின்ற பையன்கள், எல்லோரும் சேர்ந்து, “தண்ணி கொண்டா!” அந்த நாடகம் ஊருக்கே மனப்பாடம் அல்லவா?

நீங்கள் ஜனத்தைப் பார்த்தீர்கள். முகம் அப்படியே மாறியது. தோளை நிமிர்த்தி, “தண்ணி கொண்டா!” என்றீர்கள் பாருங்கள், புளியமரத்துக் காக்கை எல்லாம் பறந்தது! அதற்கப்புறம் பயம் எங்கே போனதோ. ஒவ்வொரு வரிக்கும் வேண்டுமென்றே நிறுத்தி, காதில் கையை வைத்து, ஊரைக் கேட்டு வாங்கிப் பேசினீர்கள். கை கழுவி முடித்ததும் பையன்கள் விசில் அடித்து “ஒன்ஸ்மோர்” கேட்டார்கள். நீங்கள் மறுபடி கழுவினீர்கள். மறுபடியும் ஒன்ஸ்மோர். சொம்பில் தண்ணீர் தீர்ந்துபோய் வெறும் கையைத் தேய்த்தீர்கள்.

ஆரோக்கியத்துக்குப் பொறுக்கவில்லை. முள்முடியோடு மெதுவாகச் சொன்னார்: “யோவ் பிலாத்து, தீர்ப்பு சொல்லுய்யா. சிலுவை தூக்கி முடிச்சாத்தான் எனக்குச் சோறு.” எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அடுத்த வரியை யாருக்கு எடுத்துக் கொடுப்பது?

அந்த ஆரோக்கியத்தைத்தான் மறு வருஷம் நான் கட்டிக்கொண்டேன். அவர் உங்களுக்கு முன்னாலேயே அங்கே வந்துவிட்டார், பார்த்திருப்பீர்கள். சாப்பாடு விஷயத்தில் இன்னும் அவசரம்தானா?

நீங்கள் ஊருக்குப் போய் மறுபடி மேடை ஏறினதைச் சாமியார் சொல்லிக் கேட்டோம். எழுபதுகளில் உங்கள் படம் ஒன்று தருமபுரிக்கு வந்தது. பஸ் பிடித்துப் போனோம். கப்பல் கேப்டனாக வந்து, இடைவேளைக்கு முன்னாலேயே குண்டடி பட்டு விழுந்தீர்கள். “எந்திரிங்க ராசா!” என்று அம்மா எழுந்து நின்றுவிட்டாள். பக்கத்து சீட்டுக்காரர் முறைத்தார். “எங்க வூட்டுல சாப்புட்ட புள்ளைங்க. மஞ்சக்காமாலையிலயே சாவாதவரு, இதுலயா சாவப்போறாரு?” என்று அவருக்குத் தைரியம் சொன்னாள்.

அதற்கடுத்து ஒருமுறை பெங்களூரிலிருந்து காரில் வந்தீர்கள். அம்மா களி கிண்டினாள், இந்தமுறை முழுங்கினீர்கள். லண்டன் மேடையில் மறுபடியும் ஒருநாள் வசனம் மறந்ததைச் சாமியார் மூலமாகச் சொன்னீர்கள். ஓடவில்லையாம். நின்று, ஜனத்தைப் பார்த்துச் சிரித்து, ஓரமாகத் திரும்பி, “தங்கச்சி” என்றீர்களாம். அங்கே நின்ற ஆள் திடுக்கிட்டுப்போய் வரியைச் சத்தமாகவே சொல்லிவிட்டாராம். ஜனம் கைதட்டியதாம்.

கடைசியாக ஜெனி சொன்னதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. எண்பது வயதுக்கு மேலும் மேடையில் நின்றீர்களாம். ஞாபகம் குறைந்துவிட்டதால் காதில் சின்ன மிஷின் ஒன்றை மாட்டிக்கொண்டு, உள்ளே ஒரு பெண் சொல்லச் சொல்லப் பேசினீர்களாம். அதைச் சிலர் குறையாகக்கூட எழுதினார்களாம். குறையா? எங்கள் ஊரில் ராஜாவும் அப்படித்தான், கர்த்தரும் அப்படித்தான். யார் அண்ணா அந்தப் பெண்? தெளிவாகச் சொன்னாளா? நீங்கள் திணறும்போது பொறுமையாக இருந்தாளா?

கல்லறைத் திருநாள் வருகிறது. அன்றைய பூசையில் அந்தந்த வீட்டில் இறந்தவர்களின் பெயரைச் சொல்லி வேண்டுவது வழக்கம். சாமியாரிடம் கேட்டுவிட்டேன். மைக் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். என் அப்பா, அம்மா, ஆரோக்கியம், அதற்கடுத்து உங்கள் பெயர். எங்கள் வீட்டு ஆளாகவே, கடைசி வரிசை வரைக்கும் கேட்கிற மாதிரி, என் வாயாலேயே சொல்வேன். எனக்கு உயிர் இருக்கிற மட்டும் வருஷா வருஷம் சொல்வேன்.

இப்படிக்கு,
எடுத்துக் கொடுத்த தங்கச்சி,
லூர்து மேரி