சத்தம் போன வண்டி

ஐப்பசி, வெள்ளிக்கிழமை இரவு. மீனாட்சிபுரம்.

கல்யாணமான புதிதில் வாங்கிய கார். கிளட்ச், ரேடியேட்டர், கடைசியில் இன்ஜின் வரை மாற்றியாயிற்று. சைலன்சரை மட்டும் பற்றவைத்துப் பற்றவைத்தே ஓட்டினேன். கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்தச் சத்தத்தில் சரசு காதைப் பொத்திக்கொண்டு அழுகிறாள். அதனால் இன்று புதிது மாட்டினேன்.

என் முகம் அவளுக்கு மறந்து ஒரு வருஷமாகிறது. ஆனால் தென்னந்தோப்பு வளைவில் வண்டிச் சத்தம் கேட்டாலே ஓடிவந்து கேட்டைத் திறந்துவிடுவாள். இன்று வரவில்லை. நானே திறந்துகொண்டு உள்ளே போனேன்.

"ஏனுங்க, ஆருங்க நீங்க? அவரு இன்னும் ஊட்டுக்கு வரலீங்க."

"நான்தான் சரசு, வந்துட்டேன்."

"வண்டிச் சத்தமே கேக்கலீங்களே."

மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். "அந்த ஓட்டைச் சைலன்சருங்களா? அப்பவே பழைய இரும்புக்குப் போட்டுட்டனுங்க" என்றான்.

நான் ஒரு முட்டாள். அவளிடம் எனக்கென்று மிச்சமிருந்தது அந்த ஒரு சத்தம்தான்.

இப்போது கேட்டருகே போய் நிற்கிறாள். தூறல் விழுகிறது. சாப்பிடக் கூப்பிட்டேன்.

"அவரு வந்துரட்டுமுங்க. நீங்க சாப்புட்டுப் போட்டுக் கெளம்புங்க."