தினமும் உதவுபவர் யார்?

மார்ச் 6

தம்பிக்கு,

நான் நலமாக இல்லை. போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே பேசுவாய், அதனால் எழுதுகிறேன்.

காலையில் என்னைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றிவிட வரும் உதவியாள் அம்மாவை நிறுத்திவிட்டார்கள். அவருக்காக வந்த அரசாங்க உதவித்தொகை ரத்தாம். பக்கத்து வீட்டு மெக்கானிக்கின் மனைவிக்கு எப்போது கை ஒழிகிறதோ அப்போது வந்து தூக்கிவிடுகிறாள். அதுவரை படுத்தே கிடக்கிறேன். டாக்சிக் கம்பெனி போன்களைத் தாமதமாக எடுக்கிறேன் என்று முதலாளி வள்ளென்று விழுகிறார். இந்த வேலை போனால் இந்த வீடும் போகும்.

அலுவலகத்துக்குப் போனேன். உதவித்தொகைப் பிரிவில் இருந்த பெண் திரையைப் பார்த்துவிட்டு, "தினமும் உதவுறது யாருன்னு கேட்டதுக்கு, தம்பின்னு நீங்கதானே போட்டிருக்கீங்க? வீட்டு ஆள் உதவினா தொகை கிடையாது" என்றாள். நான் எங்கே போட்டேன்? ஆன்லைன் கணக்கு என் பெயரில், கடவுச்சொல் உன்னிடம், ரகசிய எண் வருவதும் உன் போனுக்கு. எந்தத் தம்பியடா தினமும் வந்து என்னைத் தூக்குகிறான்? கடவுச்சொல்லை உடனே அனுப்பு.

அக்கா

மார்ச் 13

அன்புள்ள அக்கா,

கொட்டித் தீர்த்துவிட்டாய். சரி. அந்தக் கேள்விக்கு 'யாருமில்லை' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. கூடப்பிறந்தவன் குத்துக்கல் மாதிரி இருக்கும்போது அப்படி எழுதினால், படிக்கிறவன் என்னைப் பற்றி என்ன நினைப்பான்? உதவியை நிறுத்துவார்கள் என்று கனவா கண்டேன்?

இப்போது திருத்தினால் நான் பொய் சொன்னதாக ஆகிவிடும். கடவுச்சொல்லும் உனக்கு வேண்டாம். எதையாவது அழுத்தி இருப்பதையும் தொலைத்துவிடுவாய். பேசாமல் இங்கே வந்துவிடு. சாமான் போட்டிருக்கும் பின்னறையை ஒதுக்கித் தருகிறேன். "வரட்டும், பாத்துக்கலாம்" என்றுதான் என் மனைவியும் சொல்கிறாள்.

அன்புடன்,
தம்பி

மார்ச் 27

தம்பிக்கு,

வந்தால் பார்த்துக்கொள்ள நான் என்ன மழையா? உன் பழைய சாமானோடு என்னையும் அடுக்கி வைக்க வேண்டாம்.

நாளெல்லாம் கம்ப்யூட்டரைப் பார்த்து ஊருக்கே வண்டி அனுப்புகிறவள் நான். எனக்கா அழுத்தத் தெரியாது? நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீ கணக்கைத் திறந்து கொடுத்தாய். நல்லது. வீட்டுக்கு வந்ததும் என் கையில் கொடுத்திருக்க வேண்டும்.

மறுபடி அலுவலகத்துக்குப் போனேன். "இனிமே ரகசிய நம்பர் யாருக்கு வரணும்?" என்று அந்தப் பெண் கேட்டாள். "எனக்கு" என்றேன். அங்கேயே உட்கார்ந்து கடவுச்சொல்லையும் மாற்றினேன். என் கணக்குக்குள் நானே திருடி மாதிரி பயந்து பயந்து நுழைந்தேன். அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

அதே கேள்வி வந்தது. யாருமில்லை என்று என் கையாலேயே அடித்தேன். கூச்சம் உனக்குத்தான். எனக்கு ஒன்றுமில்லை, இத்தனை காலமும் அப்படித்தானே இருந்தேன். நான் திருத்தியதை விசாரித்து முடிக்கும்வரை அந்த அம்மாவை அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வாரத்தில் பாதி நாள்தான்.

உன் போனுக்கு இனி எந்த எண்ணும் வராது. அக்காவைப் பார்க்க வேண்டும் என்று தோன்றினால் வா. வருவதானால் காலையில் வா. அப்போதுதான் ஆள் வேண்டும்.

அக்கா