மூடாத ஆன்டெனா

சனிக்கோளின் நிலவு டைட்டன், ஆய்வுத் தளம். நாள் 212, காலை 08:10

எழுதுவது பெனிட்டா, மென்பொருள் பொறியாளர். இதைக் கண்டெடுப்பவர் தெரிந்துகொள்ள: தளத்தில் நானும் என் கணவர் செல்வினும் மட்டுமே. ஜெனரேட்டர் சரி. காற்று சரி. செல்வின் பனி மாதிரி எடுக்க வண்டியில் கிளம்பிவிட்டார். ராத்திரிக்கு மீன்குழம்பு. கடைசிப் பாக்கெட்.

நாள் 212, 13:40

செல்வின் குழம்பைப் பற்றி ரேடியோவில் பேசிக்கொண்டிருக்கும்போதே வண்டி நின்றது. ஏதோ பிழை, புரோகிராம் எல்லாக் கருவிகளையும் மூடிவிட்டுப் படுத்துவிட்டது. என் திரைக்கும் அவர் திரைக்கும் வந்தது ஒரே வரி: ஆன்டெனா மூடவில்லை. சரி, அதைப் பார்ப்போம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

செல்வின்: "குளிருது பெனி. நீ அவசரப்படாத, கேட்டியா. குழம்ப மட்டும் தனியா தின்னுராத."

ஊட்டிக்கே இரண்டு ஸ்வெட்டர் போட்ட ஆள். "நடிக்காதீங்க" என்று சிரித்தேன்.

நாள் 212, 16:55

ஆன்டெனா புரோகிராமைப் புதிதாக எழுதி அனுப்பினேன். பலனில்லை.

செல்வின்: "பெனி... பேசிக்கிட்டே இரு."

பேசினேன். பதில் இல்லை. லைன் மட்டும் திறந்திருக்கிறது.

நாள் 214

திறந்திருந்த லைன் வழியே வண்டியின் நினைவகத்தை இறக்கிப் படித்தேன். முதலில் செத்தது ஹீட்டர்.

வண்டியின் புரோகிராம் எழுதப்பட்ட சி மொழியில் பிழை எண்ணுக்கு ஒரே ஓர் இடம். அடுத்த பிழை வந்தால் முந்தையதன் மேலேயே எழுதிவிடும். ஹீட்டரின் எண் மேல் ஆன்டெனாவின் எண் விழுந்துவிட்டது. மூடும் வேலையைத் தொடங்குமுன் முதல் எண்ணைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். ஒரு வரி போதும். எழுதிய புண்ணியவான்கள் அதைப் போடவில்லை. ஹீட்டர் என்று தெரிந்திருந்தால் வெளியுடையை மாட்டிக்கொண்டு நடந்தே வந்திருப்பார்.

ஆன்டெனா மூடாத காரணமும் கிடைத்தது: "பயன்பாட்டில் உள்ளது." பேசும் பொத்தானை அழுத்திக்கொண்டு என்னோடு பேசிக்கொண்டிருந்தாரே, அதுதான். அந்தப் பேச்சுதான் ஹீட்டரை மறைத்தது.

நாள் 216

தலைமையகம்: "வருந்துகிறோம். ஆன்டெனா கோளாறு எனப் பதிந்தாயிற்று. தளத்தை மூடிவிட்டுக் கிளம்புங்கள்."

அந்த ஒரு வரியைப் புரோகிராமில் சேர்த்துவிட்டு, ஆன்டெனா அல்ல, ஹீட்டர் என்று பதில் அனுப்பிவிட்டுத்தான் மூட ஆரம்பித்தேன். விளக்கு மூடியது. ஹீட்டர் மூடியது. வெளியுடை போட்டாயிற்று. கப்பல் தயார்.

ஆன்டெனா மூடவில்லை.

பயன்பாட்டில் உள்ளது.

வண்டியின் பேட்டரி இன்னும் சாகவில்லை. அவர் கை பொத்தானில்தான் இருக்கிறது.

மீண்டும் முயலவா என்று திரை கேட்கிறது. வேண்டாம்.

"குழம்ப நான் பிரிக்கவே இல்ல, கேட்டீங்களா. இங்கதான் இருக்கேன். குளிருதுன்னா சொல்லுங்க, இந்தத் தடவ சிரிக்க மாட்