ஒயர் இல்லாத கேமரா

என் மேரி அக்காவுக்கு,

நீ பொய்க்காரி இல்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம்.

நாம் புடவை மாற்றிக் கம்பெனி சட்டை போடும் அறையின் மேற்கூரையில், கவிழ்த்த கிண்ணம் மாதிரி அந்தக் கேமராவை மாட்டினார்களே, நினைவிருக்கிறதா? "வெறும் டப்பாம்மா, ஒயரே இல்ல. திருடறவங்க பயப்படட்டும்னு வெச்சது" என்று எச்.ஆர். சிரித்தார். நீ மட்டும் விடவில்லை. "லைட்ட அணைச்சிட்டுப் பாருடி லோகு, உள்ள செவப்பா மினுக்குது. ஒயர் இல்லாதது இருட்டுல இன்னாத்துக்குக் கண்ணு முழிச்சிக்கினு கீது?" என்றாய்.

வதந்தி பரப்பினாய் என்று உன்னிடம் மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கினார்கள். நாங்கள் நாற்பது பேர் வாயை மூடிக்கொண்டு நின்றோம். நானும்தான். மஞ்சள் காமாலையில் நீ போன பிறகும் கம்பெனி ஃபைலில் நீ பொய்க்காரிதான்.

சரி, இப்போது கேள். ஆயுத பூஜை வந்தது. சர்ச்சுக்குப் போகிற நீதான் வருஷா வருஷம் பொரி கடலைக்கு முதல் ஆளாக நிற்பாய். பிரஸ் மெஷின், எடை மெஷின், ஆபீஸ் பிரிண்டர் வரைக்கும் சந்தனம், குங்குமம் வைத்தோம். மிச்சச் சந்தனத்தை உள்ளங்கை நிறைய வழித்துக்கொண்டு ஸ்டூல் மேல் ஏறி, அந்தக் கேமராவுக்கும் அப்பினேன். அதுவும் மெஷின்தானே?

லீவு முடிந்து போனதும் எச்.ஆர். கூப்பிட்டார். கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். என் முகம், என் கை, அப்புறம் திரை முழுக்கச் சந்தனம்.

"யாரும்மா இது?"

"நான்தான் சார். ஒயரே இல்லாத டப்பா என்னை எப்டி சார் புடிச்சுது?"

அந்த மனுஷன் முகம் போன போக்கைப் பார்க்க நீ இல்லையே அக்கா! தவளை தன் வாயால் கெட்டது. கதவுக்கு வெளியே நம் பெண்கள் அத்தனை பேரும் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கே என்னை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். மறுநாள் நாற்பது பேரும் மகளிர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். புகாரை எழுதிக்கொண்ட இன்ஸ்பெக்டர் அம்மாவிடம், புகார் கொடுப்பவர்களில் முதல் பெயராக உன் பெயரைச் சொன்னேன்.

"எறந்தவங்க பேரெல்லாம் போடக் கூடாதும்மா."

"உசுரோட இருக்கசொல்ல அவங்க சொன்னத யாரும் எழுதல மேடம். இப்பவாச்சும் எழுதுங்க."

அந்த அம்மா உன் பெயரையே முதலில் எழுதினார்.

கேமராவைக் கழற்றிவிட்டார்கள். எனக்கு அது போதாது. வேலை போனால் போகட்டும், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இது ஒன்றுதான் கம்பெனியா? உன்னிடம் எழுதி வாங்கிய கடிதத்தை உன் மகள் கையில் திருப்பித் தர வைப்பேன். கூடவே இன்னொரு மன்னிப்புக் கடிதம் வரும். அதை அவர்கள் எழுதுவார்கள், உன் பெயருக்கு.

இனி வாயை மூடாத உன் தங்கச்சி,
லோகநாயகி